அதே பட்டனை இன்னும் எத்தனை தடவை எழுதப் போகிறோம்?

போன வருஷம் சிம்போசியத்துக்குப் பத்து நாள் முன்னாடி, முதலாம் ஆண்டு ஐடி தம்பி ஒருவன் லேபுக்கு வெளியே என்னை நிறுத்தினான். அவனுக்குப் பார்வை கிடையாது. லேப்டாப்பில் என்விடிஏ என்ற ஸ்கிரீன் ரீடர் வைத்துத்தான் எல்லாம் படிப்பான், எழுதுவான். கோடும் அப்படித்தான் அடிப்பான். "அக்கா, சிம்போசியம் சைட் நீங்கதானே பண்ணீங்க? எல்லாம் ஃபில் பண்ணிட்டேன். ரெஜிஸ்டர் பட்டன் மட்டும் கிடைக்கல" என்றான்.

பட்டன் எப்படி இல்லாமல் போகும்? அதற்குள் நானூறு பேருக்கு மேல் அதை அமுக்கித்தான் ரெஜிஸ்டர் பண்ணியிருந்தார்கள். ஊதா கலர், மவுஸ் மேலே போனால் லேசாக எழும்பிக் காட்டும், அதுக்கே ரெண்டு நாள் செலவழித்தோம். "இதோ இருக்கே தம்பி" என்று ஸ்கிரீனில் விரலை நீட்டிக் காட்டினேன். அதை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது. அவன் சிரித்துவிட்டு 'பி' கீயை ஒரு தட்டு தட்டினான். என்விடிஏவில் அது அடுத்த பட்டனுக்குத் தாவும் கீ. அடுத்த பட்டன் இல்லை என்று லேப்டாப் இங்கிலீஷில் சொன்னது.

காரணம் கண்டுபிடிக்க ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. நாங்கள் பட்டன் என்று நினைத்துக்கொண்டிருந்தது உண்மையில் ஒரு டிவ். அதற்கு கலர் அடித்து, ஆன்கிளிக் மாட்டியிருந்தோம். கண்ணுக்குப் பட்டன், பிரவுசருக்கு வெறும் பெட்டி. டேப் கீ அடித்தால் அதில் நிற்காது, என்டர் அடித்தால் எதுவும் நடக்காது, ஸ்கிரீன் ரீடருக்கு அது ஒரு வரி எழுத்து மட்டும்தான். எச்டிஎம்எல்-இல் பட்டன் என்றே ஒரு டேக் இருக்கிறது. அதைப் போட்டாலே இது மூன்றும் இலவசமாக வந்துவிடும். அன்றைக்கு ராத்திரியே மாற்றினேன். தம்பி ரெஜிஸ்டர் பண்ணினான், பேப்பர் பிரசன்டேஷனில் கலந்துகொண்டான். கதை இங்கே முடிந்திருந்தால் இந்தக் கட்டுரையே தேவையில்லை.

மூன்று மாதம் கழித்து ரத்த தான முகாமுக்கு டோனர் லிஸ்ட் எடுக்க ஒரு சைட் போட்டோம். நேரமில்லை, அதனால் சிம்போசியம் கோடை அப்படியே எடுத்துக் கலரை மட்டும் சிவப்பாக்கினார்கள் இரண்டாம் ஆண்டு பசங்க. அவர்கள் எடுத்தது யாரோ பென்டிரைவில் வைத்திருந்த பழைய ஜிப். நான் திருத்துவதற்கு முந்தையது. இந்தத் தடவை தம்பி என்னைத் தேடிக்கூட வரவில்லை. வாட்ஸாப்பில் ஒரே வரி: "அக்கா, மறுபடியும் பட்டன் இல்ல."

இதைத்தான் எழுத உட்கார்ந்தேன். தப்பு பண்ணுவது சகஜம், எல்லாரும் கத்துக்கிற இடத்தில்தான் இருக்கிறோம். ஆனால் ஒரு தடவை கண்டுபிடித்துச் சரிசெய்த தப்பு, சரிசெய்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. பக்கத்து சைட்டுக்குப் போகவே மாட்டேங்குது. ரெக்கார்ட் நோட் மாதிரிதான். சீனியர் ரெக்கார்டைப் பார்த்து எழுதுகிறோம், அவர் படத்தில் விட்ட ஒயரை நாமும் விடுகிறோம். வைவாவில் சார் அவருக்குச் சிவப்பு மையில் சுழித்துக் கொடுத்ததை அவர் அடுத்த பக்கத்தில் திருத்தியிருப்பார், அந்தப் பக்கத்தை மட்டும் யாரும் போட்டோ எடுத்திருக்க மாட்டார்கள்.

அந்த வாரம் நம் கிளப்பின் கிட்ஹப் கணக்கைத் திறந்து ஒவ்வொரு சைட்டாகத் தேடினேன். சிம்போசியம், டோனர் லிஸ்ட், மெஸ் புகார், பிளேஸ்மென்ட் நோட்டீஸ், லேப் பொருள் கடன், கல்ச்சுரல்ஸ். ஆறு சைட்டிலும் சேர்த்துப் பட்டன் ஒன்பது விதமாக எழுதப்பட்டிருந்தது. அதில் நான்கு, டிவ். இரண்டு தடவை வேகமாகத் தட்டினால் இரண்டு தடவை பதிவாகும் தொல்லையை பிளேஸ்மென்ட் சைட்டில் ஒரு சீனியர் இரண்டு வருஷம் முன்னாடியே அழகாகச் சரிசெய்திருந்தார். மெஸ் புகார் சைட்டில் அது இன்னும் அப்படியே இருந்தது. சாம்பாரைப் பற்றி ஒருவர் ஒரே புகாரை ஏழு தடவை கொடுத்திருந்தார். கோபத்தில் கொடுத்தாரா, நெட் ஸ்லோவா என்று தெரியவில்லை.

இதற்கு மருந்து என்ன என்பது வெப் பக்கம் வேலை செய்கிறவர்களுக்குத் தெரிந்ததுதான். பொதுவான காம்போனென்ட் லைப்ரரி. பட்டன், இன்புட் பெட்டி, பிழைச் செய்தி, டேபிள் இவற்றையெல்லாம் ஒரே இடத்தில் ஒரே தடவை எழுதி வைப்பது. எல்லா சைட்டும் அங்கேயிருந்து எடுத்துக்கொள்ளும். அங்கே திருத்தினால் எல்லா இடத்திலும் திருந்தும். இது புது யோசனையும் கிடையாது. 2011-இல் வெளியான பூட்ஸ்ட்ராப்பே இப்படிப் பிறந்ததுதான். ட்விட்டருக்குள் ஆளாளுக்கு ஒரு விதமாக உள் டூல்கள் கட்டிக்கொண்டிருந்தார்கள், எல்லாம் ஒரே மாதிரி இருக்கட்டும் என்று மார்க் ஓட்டோவும் ஜேக்கப் தார்ன்டனும் எழுதியது பிறகு உலகத்துக்கே பொதுவானது. அவ்வளவு பெரிய கம்பெனிக்கு இருந்த அதே வியாதிதான் நமக்கும்.

இப்போ நீங்க கேட்பது எனக்குக் கேட்குது. "அப்போ பூட்ஸ்ட்ராப்பையே போட்டுக்கலாமே? எம்யுஐ இருக்கு, ஆன்ட் டிசைன் இருக்கு, ஷாட்சிஎன் இருக்கு. நாம எதுக்குத் தனியா எழுதணும்?" நியாயமான கேள்வி. பாதிக்கு மேல் நானும் ஒத்துக்கொள்கிறேன். டிராப்டவுன், டயலாக், தேதி எடுக்கும் காலண்டர், இதையெல்லாம் நாமே எழுதுவது வீண் வேலை. டயலாக் திறந்தால் கீபோர்டு ஃபோகஸ் உள்ளேயே நிற்கணும், எஸ்கேப் அடித்தால் மூடணும், மூடியதும் ஃபோகஸ் பழைய இடத்துக்கே திரும்பணும். அதைச் சரியாகச் செய்து வருஷக்கணக்கில் அடி வாங்கிப் பழுத்த கோடு வெளியே இருக்கும்போது, செமஸ்டர் நடுவில் உட்கார்ந்து நாம் எழுதினால் கண்டிப்பாகக் கோட்டை விடுவோம்.

ஆனால் நம்முடைய சில பிரச்சினைகளை வெளியே யாரும் நமக்காக யோசித்து வைத்திருக்க மாட்டார்கள். கல்ச்சுரல்ஸ் சைட்டைத் தமிழில் போட்டோம் இல்லையா, அதில் ஒவ்வொருவர் பெயருக்குப் பக்கத்திலும் வட்டத்துக்குள் முதல் எழுத்து வரும். மீனா என்ற பெயருக்கு 'ம' வந்தது. கோபிக்கு 'க'. கௌசல்யாவுக்கும் 'க'. ஜாவாஸ்கிரிப்ட்டில் முதல் கேரக்டரைக் கேட்டால் அது மெய்யையும் குறியையும் பிரித்துவிட்டு முன்பாதியைத்தான் தரும். நமக்கு 'மீ' ஒரே எழுத்து, கம்ப்யூட்டருக்கு இரண்டு. அதே காரணத்தால் மீனாட்சி என்று நான்கு எழுத்தில் பெயர் வைத்தவருக்கு எட்டு என்று கணக்கு வரும். பெயர்ப் பெட்டியில் இருபதுக்கு மேல் விடாதே என்று யாரோ வரம்பு போட்டிருந்தார்கள். அப்பா பெயரையும் சேர்த்து எழுதியவர்களுக்குப் பாதியில் நின்றுபோனது. முதல் எழுத்துப் பிரச்சினைக்கு இன்ட்ல் செக்மென்டர் என்று பிரவுசரிலேயே மருந்து இருக்கிறது, ஏப்ரல் 2024-இல் ஃபயர்ஃபாக்ஸிலும் வந்த பிறகு முக்கியமான எல்லா பிரவுசரிலும் வேலை செய்கிறது. மூன்று வரிக் கோடு. ஆனால் அந்த மூன்று வரியை எந்த வருஷத்து பேட்ச் எழுதினாலும் அடுத்த பேட்ச்சுக்குத் தெரியப்போவதில்லை, அது பொது இடத்தில் இல்லையென்றால்.

இன்னொன்று, உயரம். டெம்ப்ளேட்டில் வருகிற பட்டன்கள் எல்லாம் இங்கிலீஷ் எழுத்தை அளந்து தைத்த சட்டை. லைன் ஹைட்டை ஒன்று என்று வைத்து, வெளியே போவதை மறை என்றும் சொல்லியிருப்பார்கள். அதில் 'நீக்கு' என்று போட்டுப் பாருங்கள், மேல் சுழியும் கீழ்க் காலும் வெட்டுப்படும். 'ரெஜிஸ்டர்' என்பதை இங்கிலீஷில் எட்டு எழுத்துக்கு அளந்த அகலத்தில் 'பதிவு செய்யவும்' உட்காராது. இந்த மேகசினையே போனில் படிக்கிற உங்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை. நம் பழைய இதழ்களில் தலைப்புகளுக்குக் கால் வெட்டுப்பட்டதற்கு நீங்க அனுப்பின ஸ்கிரீன்ஷாட் எல்லாம் எங்ககிட்ட பத்திரமா இருக்கு.

அதனால் என் கட்சி இதுதான். கஷ்டமானதை வெளியேயிருந்து எடுப்போம். அதன் மேல் மெலிசாக நம்முடைய ஒரு அடுக்கு. சைட் எழுதுகிறவர்கள் நம் அடுக்கை மட்டும் தொட்டால் போதும், உள்ளே என்ன இருக்கிறது என்பது அவர்கள் கவலை இல்லை. நாளைக்கு உள்ளே இருப்பதை மாற்றினாலும் அவர்கள் கோடு மாறாது.

இதை எப்படிச் செய்யக்கூடாது என்பதில் எனக்கு நல்ல அனுபவம் இருக்கிறது, அதை முதலில் சொல்கிறேன். ஐந்தாம் செம் லீவில் நாங்கள் நான்கு பேர் உட்கார்ந்து இரண்டு வாரத்தில் இருபத்து நான்கு காம்போனென்ட் எழுதினோம். பெயர் வைத்தோம். லோகோ போட்டோம், லோகோவுக்கு டார்க் மோடும் போட்டோம். காலேஜ் திறந்ததும் எல்லா குரூப்பிலும் லிங்க் அனுப்பினோம். செம கைதட்டல் எமோஜி. எத்தனை சைட் அதை எடுத்தது தெரியுமா? ஒன்று. அதிலும் இரண்டு காம்போனென்ட்தான். மீதி இருபத்து இரண்டும் நாங்கள் கற்பனை பண்ணின தேவைகள். கரோசல் எழுதினோம், இதுவரை யாருக்கும் கரோசல் தேவைப்படவில்லை. எல்லாருக்கும் தேவைப்பட்ட போன் நம்பர் பெட்டியை நாங்கள் எழுதவே இல்லை.

அந்த போன் நம்பர் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லணும். ஏனென்றால் ஒரு சாதாரணப் பெட்டிக்குள் எவ்வளவு விஷயம் ஒளிந்திருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் கிடையாது. எல்லாரும் யோசிக்காமல் டைப் நம்பர் என்று போடுவோம். நம்பர்தானே! ஆனால் அந்த டைப், கூட்டிக் கழிக்கிற எண்ணுக்காக வந்தது. பெட்டியில் கர்சர் இருக்கும்போது மவுஸ் வீலை உருட்டினால் சில பிரவுசரில் எண் ஒன்று கூடிவிடும், குறைந்துவிடும். ஒருவர் ஃபார்மை நிரப்பிவிட்டுக் கீழே ஸ்க்ரோல் பண்ணுகிறார், அவருடைய போன் நம்பரின் கடைசி இலக்கம் சத்தமில்லாமல் மாறிவிடுகிறது. டோனர் லிஸ்ட்டில் இது நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். ரத்தம் தேவைப்படுகிற நேரத்தில் யாரோ சம்பந்தமில்லாத ஒருவர் போனை எடுப்பார். பிரிட்டிஷ் அரசின் டிசைன் சிஸ்டம் டீம் 2020-இலேயே இதையெல்லாம் எழுதி, டைப்பை டெக்ஸ்ட் என்றே வைத்துக்கொண்டு இன்புட்மோடை மட்டும் நியூமெரிக் என்று போடச் சொல்லிவிட்டார்கள். போனில் நம்பர் கீபோர்டும் வரும், உருட்டினால் மாறவும் மாறாது. இந்த ஒரு விஷயம் தெரிந்தவர் நம் கிளப்பில் ஒருவராவது எல்லா வருஷமும் இருப்பார் என்று நம்ப முடியுமா? தெரிந்தவர் ஒரு தடவை பெட்டிக்குள் வைத்துவிட்டால், தெரியாதவரும் சரியாகத்தான் போடுவார்.

சரி, இரண்டாவது முயற்சி. இந்தத் தடவை மூன்றே மூன்று: பட்டன், எழுத்துப் பெட்டி, போன் நம்பர் பெட்டி. நான்காவதாக எதையும் சேர்க்கணும் என்றால், அது ஏற்கெனவே மூன்று சைட்டில் தனித்தனியாக எழுதப்பட்டிருக்கணும் என்று விதி வைத்தோம். இரண்டு இடத்தில் காப்பி அடித்திருந்தால் பரவாயில்லை, விட்டுவிடு. மூன்றாவது இடத்தில் வந்தால்தான் அது பொதுவான தேவை. இந்த விதியால் இன்றைக்கு வரை எட்டு காம்போனென்ட்தான் இருக்கிறது, எட்டும் பயன்பாட்டில் இருக்கிறது.

எங்கே வைப்பது என்பதில் ஒரு பெரிய சண்டை நடந்தது. முதலில் தனி ரெப்போவாக வைத்து, ஒவ்வொரு சைட்டும் கிட்ஹப் முகவரி கொடுத்து எடுத்துக்கொள்கிற மாதிரி செய்தோம். லாக் ஃபைலை கிட்டில் போடாமல் விட்டுவிட்டோம், 'அது தானா வர்ற ஃபைல்தானே' என்ற நினைப்பு. அதனால் ஒவ்வொரு டிப்ளாய்க்கும் லைப்ரரியின் அன்றைய கோடு வந்து உட்காரும். ஒரு நாள் சாயங்காலம் நான் பட்டனின் உள் இடைவெளியைக் கொஞ்சம் கூட்டினேன். அதே ராத்திரி ரத்த தான சைட்டில் பசங்க ஏதோ எழுத்துப் பிழை திருத்தி டிப்ளாய் பண்ணினார்கள். மறுநாள் காலை ஏழு மணிக்கு முகாம். போனில் 'அனுப்பு' பட்டன் இரண்டு வரியாக உடைந்து அடுத்த பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தது. தப்பு என்னுடையது, திட்டு வாங்கினது அவர்கள்.

இது நமக்கு மட்டும் நடக்கிற கூத்து இல்லை. 2018 டிசம்பர் 25 அன்று ஆன்ட் டிசைன் பயன்படுத்திய சைட்டுகளில் பட்டன்கள் மேலெல்லாம் திடீரென்று பனி படிந்தது. கிறிஸ்துமஸுக்காக யாரோ ஆசையாகச் சில மாதம் முன்னாடியே ஒளித்து வைத்த கோடு. எடுத்துக்கொண்டவர்கள் யாருக்கும் தெரியாது. பட்டன் மேல் மவுஸை வைத்தால் தலைப்புக்குப் பதிலாக ஹோ ஹோ ஹோ என்று வேறு காட்டியது. பண்டிகைக்குச் சம்பந்தமே இல்லாத அலுவலக சைட்டுகளிலும் அதேதான். வேலையை விட்டுவிட்டு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தவர்களின் நிலைமையை நினைத்துப் பாருங்கள். பொது இடம் என்றால் திருத்தம் மட்டும் பரவாது, தப்பும் அதே வேகத்தில் பரவும். இதைச் சொல்லாமல் லைப்ரரி போடுங்க என்று சொல்வது ஏமாற்று.

அதனால் இப்போது எல்லாம் ஒரே ரெப்போ. பிஎன்பிஎம் வொர்க்ஸ்பேஸ் போட்டு, ஒரு ஃபோல்டரில் லைப்ரரி, பக்கத்தில் ஒவ்வொரு சைட்டும் ஒரு ஃபோல்டர். யாராவது பட்டனைத் தொட்டால் கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் எல்லா சைட்டும் பில்டு ஆகிப் பார்க்கும், ஒன்று உடைந்தாலும் மெர்ஜ் ஆகாது. லாக் ஃபைல் உள்ளே இருக்கிறது, அதை நீக்குகிறவருக்கு ஒரு வாரம் டீ செலவு. நூறு டீம் இருக்கிற கம்பெனிக்கு வெர்ஷன் நம்பர் போட்டுத் தனிப் பேக்கேஜாக வெளியிடுவது சரியாக இருக்கலாம். ஆறு சைட்டும் பத்துப் பேரும் இருக்கிற நமக்கு ஒரே ரெப்போதான் ஒத்துவரும் என்று நான் நினைக்கிறேன். வெர்ஷன் வைத்தால் நம் பசங்க பழைய வெர்ஷனிலேயே நின்றுவிடுவார்கள். திருத்தம் மறுபடியும் பயணம் பண்ணாது. இரண்டு வருஷப் பழைய சிம்போசியம் சைட்டுகளை இழுத்துவரவில்லை, அவை அப்படியே தூங்கட்டும்.

ரியாக்ட் பற்றி ஒரே ஒரு எச்சரிக்கை, இதில் நான் ஒரு முழு சனிக்கிழமையை இழந்திருக்கிறேன். லைப்ரரியில் ரியாக்ட்டை டிபென்டென்சி என்று போடாதீர்கள், பியர் டிபென்டென்சி என்று போடுங்கள். இல்லையென்றால் லைப்ரரி ஒரு ரியாக்ட், சைட் ஒரு ரியாக்ட் என்று இரண்டு காப்பி ஓடும் வாய்ப்பு உண்டு. அப்புறம் ஹூக்கைத் தப்பாகக் கூப்பிட்டாய் என்று எர்ரர் வரும், ஆனால் உங்கள் கோடில் ஹூக் எல்லாம் சரியாகத்தான் இருக்கும். பைத்தியம் பிடிக்கும்.

கலரை எல்லாம் சிஎஸ்எஸ் வேரியபிளாக வைத்திருக்கிறோம், ஒவ்வொரு சைட்டும் தன் கலரைத் தானே சொல்லிக்கொள்ளலாம். கல்ச்சுரல்ஸ் டீம் மஞ்சள் பட்டனில் வெள்ளை எழுத்து கேட்டார்கள். போஸ்டரில் அப்படித்தான் இருக்காம். வெயிலில் நின்று போனைப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5-க்கு 1 என்ற வேறுபாடு வேண்டும் என்பது டபிள்யூசிஏஜி விதி, மஞ்சளும் வெள்ளையும் பக்கத்தில்கூட வராது. மஞ்சள் உங்களுடையது, அதன் மேல் எழுத்துக் கலரை லைப்ரரி முடிவு பண்ணும் என்று சமரசம் ஆனது. கருப்பு எழுத்து வந்தது. முதல் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இந்த மாதிரி சண்டைகள்தான் லைப்ரரியின் உண்மையான வேலை. கோடு எழுதுவது சுலபம். 'எங்க சைட்டுக்கு மட்டும் ஒரு சின்ன மாற்றம்' என்று கேட்பவரிடம் என்ன சொல்வது என்பதுதான் கஷ்டம். எல்லாருக்கும் சரி சரி என்று சொல்லிச் சொல்லி எங்கள் முதல் முயற்சியில் கார்ட் காம்போனென்ட்டுக்குப் பதினேழு ப்ராப் சேர்ந்திருந்தது. அதில் ஒன்றின் பெயர் 'சிம்போசியமா'. பொதுவான ஒரு காம்போனென்ட், தான் எந்த சைட்டில் இருக்கிறேன் என்று விசாரிக்க ஆரம்பித்தால் அது பொது இல்லை என்று அர்த்தம்.

எதிர்ப்பக்கம் ஒன்று இருக்கிறது, அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் கிளப் சீனியர் ஒருவர் சொன்னார்: "எல்லாத்தையும் நீங்களே ரெடியா கொடுத்துட்டா ஜூனியர்ஸ் எப்படிக் கத்துப்பாங்க? நாங்க பட்டனை நாலு தடவை தப்பா எழுதித்தான் கத்துக்கிட்டோம்." உண்மை. நானும் டிவ்வில் பட்டன் எழுதித்தான் பட்டனைப் பற்றிக் கத்துக்கொண்டேன். முதலாம் ஆண்டில் ஒருவர் எல்லாவற்றையும் தானே எழுதிப் பார்க்கணும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மினி ப்ராஜெக்ட்டில் எழுதுங்கள், போர்ட்ஃபோலியோவில் எழுதுங்கள், ஹேக்கத்தானில் ராத்திரி மூன்று மணிக்கு எழுதுங்கள். ஆனால் நான் அந்த நாலு தடவை தப்பு பண்ணினபோது ஒவ்வொரு தடவையும் அந்தப் பக்கம் ஒரு ஆள் இருந்தார். ஃபார்மை நிரப்பிவிட்டுப் பட்டனைத் தேடிக்கொண்டிருந்தார். என் பயிற்சிக்கு அவர் ஏன் ஃபீஸ் கட்டணும்?

அதோடு, இருக்கிற கோடைப் படித்து, ஏன் இப்படி எழுதியிருக்கிறார்கள் என்று யோசித்து, உடைக்காமல் ஒரு வரி மாற்றுவதும் கத்துக்கிறதுதான். பிளேஸ்மென்ட் இன்டர்வியூவில் 'ஸ்க்ராட்ச்சிலிருந்து நானே கட்டினேன்' என்று சொன்னால்தான் கெத்து என்று நினைக்கிறோம். மூன்று வருஷமாக யாரோ எழுதியதை நான் பார்த்துக்கொண்டேன் என்று சொல்ல யாருக்கும் ஆசையில்லை. ரெஸ்யூமில் அதற்கு ஒரு வரிகூடக் கிடைக்காது. ஆனால் இன்டர்ன்ஷிப் போன இரண்டு மாதமும் நான் செய்தது அந்த வேலை மட்டும்தான்.

இப்போது என் உண்மையான பயத்தைச் சொல்கிறேன். மே மாதம் நாங்கள் நான்கு பேரும் போய்விடுவோம். ஸ்டோரிபுக் என்று ஒரு டூல், காம்போனென்ட்களை ஒவ்வொன்றாக எடுத்துவைத்துப் பார்க்க எல்லாரும் பயன்படுத்துவது, நம் லைப்ரரியிலும் இருக்கிறது. அது 2016-இல் இலங்கையைச் சேர்ந்த கதீரா என்ற சின்ன நிறுவனத்தில் பிறந்தது. நிறுவனம் மூடப்பட்டது. டூல் அதோடு போயிருக்கணும். 2017-இல் அதைப் பயன்படுத்திக்கொண்டிருந்தவர்களே சேர்ந்து கையில் எடுத்து நடத்தினார்கள், அதனால்தான் இன்றைக்கும் இருக்கிறது. ஆரம்பித்தவர்கள் போன பிறகும் ஒன்று உயிரோடு இருப்பதற்கு அதைப் பயன்படுத்துகிறவர்கள் அது தங்களுடையது என்று நினைக்கணும். நம்மிடம் எட்டு காம்போனென்ட்டை ஐம்பது பேர் பயன்படுத்துகிறார்கள், ஆனால் எல்லாருக்கும் அது 'அக்காங்க லைப்ரரி'. ஏதாவது உடைந்தால் எனக்கு போன் வருகிறது. போன மாதம் இன்டர்னல்ஸ் நடுவில் வந்தது. அடுத்த வருஷம் நான் சென்னையில் ஏதோ ஒரு ஆபீஸில் இருப்பேன், போன் எடுக்க முடியாது.

அதனால் இந்த செமஸ்டரில் புது காம்போனென்ட் எதுவும் எழுதவில்லை. இருக்கிற எட்டுக்கும் ஏன் இப்படி எழுதினோம் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதிக்கொண்டிருக்கிறோம். இங்கிலீஷ் மீடியத்தில் படித்த எனக்கு இது எவ்வளவு பெரிய தண்டனை என்று எங்கள் டீமுக்குத் தெரியும், 'அணுகுமை' என்ற சொல்லையே போன மாதம்தான் கத்துக்கொண்டேன். ஆனால் படிக்கப்போகிற தம்பி தங்கச்சிகளுக்கு இதுதான் சீக்கிரம் ஏறுகிறது. போன் நம்பர் பெட்டியின் பக்கத்தில் மவுஸ் வீல் கதை இருக்கிறது. பட்டன் பக்கத்தில் அந்த 'பி' கீ கதை இருக்கிறது, தம்பியிடம் கேட்டுத்தான் போட்டேன். "என் பேர் போடாதீங்க அக்கா, ஆனா கதையைப் போடுங்க" என்றான்.

மூன்றாம் ஆண்டில் ஒருவர், இரண்டாம் ஆண்டில் இரண்டு பேர் வேண்டும். ரியாக்ட் ஓரளவு தெரிந்தால் போதும். வாரத்துக்கு ஒரு மணி நேரம், வெள்ளிக்கிழமை கடைசி பீரியட் முடிந்ததும் இரண்டாவது மாடி லேபில் உட்காருகிறோம். இப்போதைக்குத் திறந்திருக்கிற வேலை ஒன்றுதான்: பிறந்த தேதி எடுக்கும் பெட்டி. காலண்டர் வைத்தால் 2005 வரைக்கும் மாதம் மாதமாகப் பின்னாடி போகவேண்டியிருக்கிறது என்று டோனர் லிஸ்ட்டில் பலர் பாதியிலேயே விட்டுவிட்டார்கள். நாள், மாதம், வருஷம் என்று மூன்று சின்னப் பெட்டி போதும் என்பது என் யோசனை. தம்பிக்கு வேறு யோசனை இருக்கிறது. எடுக்கிறவர்கள் முதலில் அவனிடம் பேசிவிட்டு ஆரம்பியுங்கள்.